எண்ணப்படுவது எது, யாருக்காக?
ஹைதராபாத் குடிநீரும் சாக்கடையும்

2020 ஆகஸ்ட் மாதம். கொரோனா முதல் அலை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தெலங்கானா மாநிலம் முழுவதற்கும் அரசு அறிவித்திருந்த மொத்தப் பாதிப்பு அப்போது ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கவில்லை. சோதனைகள் போதவில்லை என்று மாநில உயர்நீதிமன்றம் அரசைத் திரும்பத் திரும்பக் கண்டித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் ஹைதராபாத்தில் உள்ள இரண்டு பொதுத்துறை ஆய்வு நிறுவனங்கள், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும், நகரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்துசேரும் சாக்கடை நீரை எடுத்து ஆராய்ந்தன. தொற்று கண்டவரின் மலத்தில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் வெளியேறுகின்றன என்பதே ஆய்வின் அடிப்படை. முந்தைய 35 நாட்களில் நகரில் மட்டும் சுமார் 6.6 லட்சம் பேர் தொற்றுக்கு ஆளாகியிருக்கக் கூடும் என்பது அவர்கள் கண்ட மதிப்பீடு. அரசின் அறிக்கை மறைத்ததைச் சாக்கடை சொல்லிவிட்டது.

இது முதல்முறையும் அல்ல. 2016இல் இதே நகரின் சாக்கடை மாதிரி ஒன்றில், தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய இரண்டாம் வகை போலியோ வைரஸ் கண்டறியப்பட்டது. போலியோ இல்லாத நாடு என்று இந்தியா 2014இல் சான்று பெற்றிருந்தது. அந்தச் சான்றுக்கு இழுக்கு வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் ஒன்றிய, மாநில அரசுகள் உடனடியாகக் களமிறங்கின. ஹைதராபாத், ரங்காரெட்டி மாவட்டங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகளுக்கு ஊசி மருந்து போட ஏற்பாடானது. ஒரு குழந்தைகூடக் கால் முடங்கி விழும் முன்பே, வெறும் சாக்கடை நீரின் மாதிரியை வைத்து எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. பொதுச் சுகாதாரத் துறையில் கண்காணிப்புத் தரவு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஆக, ஹைதராபாத்தில் அறிவியல் இருக்கிறது, ஆய்வகங்கள் இருக்கின்றன, தேர்ந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அதே நகரில், 2009 மே மாதத்தில், முஷீராபாத்தை ஒட்டிய போலக்பூரில் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்து மக்கள் காலராவால் இறந்தார்கள்.

போலக்பூர் பழைய இரும்பு, பிளாஸ்டிக், தோல் ஆகியவற்றைத் தரம் பிரித்தும் விற்றும் பிழைக்கும் உழைப்பாளிகளின் பகுதி. வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஏழை இஸ்லாமியர். அங்கே வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மக்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிறகுதான் குழாய் நீரில் சாக்கடை கலந்திருப்பது அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. எத்தனை பேர் மாண்டனர் என்பதில்கூட அன்றைய செய்திகள் தந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. போலியோ வைரஸைச் சாக்கடையிலேயே பிடிக்கத் தெரிந்த நகரத்தில், காலராவைக் கண்டறியும் கருவிகளாக இருந்தவை ஏழைகளின் உடல்கள்.

குழாய்க்குள் சாக்கடை எப்படி நுழைகிறது என்பது பொறியியலில் விடை தெரியாத புதிர் அல்ல. ஹைதராபாத்தில் பெரும்பாலான பகுதிகளுக்கு நீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் சில மணி நேரம். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். வெடிப்பிருந்தால் நீர் வெளியே கசியும். வால்வு மூடப்பட்டதும் அழுத்தம் இறங்குகிறது. அப்போது வெளியே தேங்கி நிற்பதை அதே வெடிப்பு உள்ளே இழுக்கிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே குறுகிய சந்தில், ஒரே பள்ளத்தில், சில அடி இடைவெளியில் கிடக்கும் இடத்தில் உள்ளே இழுக்கப்படுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை நீர் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். இதற்கு எதிரான கடைசிக் காவல் குளோரின். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, நுகர்வோர் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு ஈ-கோலி கிருமிகூட இருக்கக் கூடாது என்பதும் அதே தரத்தின் விதி.

'குழாய் முனையில்' என்ற சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீர்த்தேக்கத் தொட்டியில் குளோரின் அளவு சரியாக இருக்கும். பிரதான குழாயிலும் இருக்கும். பணக்காரர் குடியிருப்பின் தரைமட்டத் தொட்டியிலும் இருக்கலாம். அதற்கு மேல் அவர்களிடம் வீட்டுக்கு வீடு சுத்திகரிப்புக் கருவியும் உண்டு. சந்தின் கடைசி வீட்டில், மோட்டார் வைத்து உறிஞ்சினாலொழிய நீர் ஏறாத இடத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதனை நடக்கிறது, முடிவு என்ன, அதை அந்த வீட்டுக்காரரிடம் சொன்னது யார்? குடிநீர் வாரியம் மாதிரி எடுக்கிறது. நாராயணகூடாவில் உள்ள அரசின் நோய்த் தடுப்பு மருத்துவ நிறுவனமும் தனியே எடுத்துச் சோதிக்கிறது. ஆனால் நூறு மாதிரிகளில் தொண்ணூற்றெட்டு தேறின என்று ஓர் அறிக்கை வந்தால், அதனால் நிம்மதி அடைபவர் அதிகாரி. தேறாத அந்த இரண்டு மாதிரிகள் எந்தச் சந்தில் எடுக்கப்பட்டவை என்பதுதான் மக்களுக்கு வேண்டிய தகவல். சராசரி என்பது இங்கே ஒரு வர்க்கத்தின் சௌகரியம்.

வாரியத்திடம் எண்களுக்குப் பஞ்சம் இல்லை. 1989இல் தனிச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட ஹைதராபாத் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம், தன் புகார்ப் பதிவு முறைக்காகவே நாடெங்கும் பேசப்பட்டது. தொண்ணூறுகளின் இறுதியில் தொலைபேசிப் புகார் மையம் வந்தது. 155313 என்ற எண்ணை அழைத்தால் புகாருக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். எந்தப் பிரிவில் எத்தனை புகார் நிலுவை என்பது தலைமையகத்தில் உடனே தெரிந்தது. மேலதிகாரி கேள்வி கேட்டார், கீழே வேலை நடந்தது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அடைத்துக்கொண்ட சாக்கடை ஒரு வாரத்துக்குப் பதில் ஒரு நாளில் சரியானால் அது மக்களுக்கு நன்மைதான். ஆனால் இந்த ஏற்பாடு பிறந்த காலத்தையும் மறந்துவிடக் கூடாது. உலக வங்கியின் கட்டமைப்புச் சீர்திருத்தங்களைச் சந்திரபாபு நாயுடு ஆட்சி ஒன்றுபட்ட ஆந்திராவில் முழுவேகத்தில் அமலாக்கிய காலம் அது. குடிமகன் 'வாடிக்கையாளர்' ஆனது அப்போதுதான். மின்கட்டண உயர்வை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் நடத்திய பேரணி மீது பஷீர்பாக்கில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியதும் (2000 ஆகஸ்ட் 28) அதே சீர்திருத்தங்களின் தொடர்ச்சியாகத்தான்.

வாடிக்கையாளருக்கு ஒரு கணக்கு எண் உண்டு. ஹைதராபாத்தில் அதைக் 'கேன்' எண் என்கிறார்கள். புகார் முறையின் அச்சாணியே அந்த எண். ஒரே முற்றத்துக் குழாயில் ஏழெட்டு குடும்பங்கள் பிடித்துக்கொள்ளும் பஸ்தியில், கேன் எண் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மூசி ஆற்றங்கரைக் குடிசைக்கு எண்ணே இல்லாமலும் இருக்கும். புகாரே வராத பகுதி குறையே இல்லாத பகுதியாகக் கணினித் திரையில் தெரியும். இது கணினியின் பிழை அல்ல. யார் பேசினால் பதிவாகும் என்று முன்பே முடிவு செய்துவிட்ட ஏற்பாட்டின் விளைவு.

2020 டிசம்பர் மாநகராட்சித் தேர்தலின்போது ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 20,000 லிட்டர் இலவசக் குடிநீர் என்று அன்றைய ஆளுங்கட்சி வாக்குறுதி தந்தது. 2021 ஜனவரியில் திட்டம் தொடங்கியது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 133 லிட்டர், அதாவது ஒன்றிய அரசு நகரங்களுக்கு வகுத்த 135 லிட்டர் அளவுகோலுக்குக் கிட்டத்தட்டச் சமம். வரவேற்க வேண்டிய திட்டம். குடிசைப் பகுதிகளுக்கு வெளியே இருப்பவர்கள் மீட்டர் பொருத்தியிருக்க வேண்டும், கேன் எண்ணை ஆதாருடன் இணைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே வந்தன. 20,000 லிட்டருக்கு மேல் யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்பது இப்போது துல்லியமாகப் பதிவாகிறது. அந்த 20,000 லிட்டர் உண்மையில் வந்துசேராத வீடுகள் எவை என்பதும் அதே மீட்டரில் பதிவாகியே இருக்கும். முதல் எண்ணை வைத்துக் கட்டண ரசீது அனுப்பப்படுகிறது. இரண்டாவது எண்ணை வைத்து எந்தப் பொறியாளரும் எந்தச் சந்துக்கும் அனுப்பப்படவில்லையானால், மீட்டர் அளப்பது தண்ணீரை அல்ல, வருவாயை.

கழிவுநீரிலும் இதே கதைதான், இன்னும் கூர்மையாக. மாநகராட்சி எல்லைக்குள் நாளொன்றுக்குச் சுமார் 165 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது, 25 சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தத் திறன் 77.2 கோடி லிட்டர், அதாவது பாதிக்கும் குறைவு: இது 2021இல் அரசே சொன்ன கணக்கு. அதையொட்டி ரூ.3,866 கோடியில் மேலும் 31 நிலையங்கள் அமைக்க ஒப்புதல் தரப்பட்டது. அவை முடிந்ததும் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரிக்கும் நகரம் என்ற பெருமை ஹைதராபாத்துக்குக் கிடைக்கும் என்று முந்தைய ஆட்சியாளர்கள் மேடைக்கு மேடை பேசினார்கள்.

இந்த எண்களை ஒரு கட்சித் தோழர் சற்று நின்று பார்க்க வேண்டும். 165 கோடி லிட்டர் என்பது யாரும் ஓடையோரம் நின்று அளந்த எண் அல்ல. வழங்கப்படும் குடிநீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது நாடு முழுவதும் கையாளப்படும் பொறியியல் சூத்திரம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் டேங்கர் லாரியிலிருந்தும் வரும் தண்ணீர் வாரியத்தின் குழாய்க் கணக்கில் இல்லை. ஆனால் அதுவும் சாக்கடையில்தான் விழுகிறது. மறுபக்கம் 77.2 கோடி என்பது நிலையத்தின் திறனே தவிர, அதற்குள் நாள்தோறும் வந்துசேரும் நீரின் அளவு அல்ல. பாதாளச் சாக்கடை இணைப்பே இல்லாத தெருவின் கழிவு, எத்தனை கோடியில் நிலையம் கட்டினாலும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. மழைநீர் ஓடை வழியே நேராக மூசிக்குப் போகிறது. 2020இன் கொரோனா ஆய்வுகூட நகரக் கழிவில் சுமார் 40 சதவீதமே சுத்திகரிப்பு நிலையங்களை எட்டுகிறது என்பதை வைத்து மீதியை மதிப்பிட வேண்டியிருந்தது. சாக்கடை உண்மை பேசியது சரிதான். பேசியது குழாயோடு இணைந்த ஹைதராபாத்தின் சாக்கடை.

மூசியில் கலப்பது மலக்கழிவு மட்டும் அல்ல என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நகரின் மேற்கே பட்டன்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் மருந்து இருப்பதை 2007இல் உலகுக்குச் சொன்னவர்கள் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள். அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட அதிகம் அது. கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதற்கு இதைவிட வளமான நாற்றங்கால் கிடையாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அதுவரை அந்தப் பொருளை அளக்கவே இல்லை; காரணம், அளக்கச் சொல்லும் விதி இல்லை. 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு ஆன்டிபயாட்டிக் எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவை வெளியிட்டது. மருந்து முதலாளிகள் எதிர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் காணாமல் போயிருந்தன. வரம்பு இல்லையென்றால் மீறலும் இல்லை, அளவீடும் இல்லை.

தரவு இல்லை என்பது அரசின் இயலாமை என்றே பல சமயம் பேசப்படுகிறது. வளரும் நாடுகள் ஏழை நாடுகள், ஆய்வகம் இல்லை, பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லை, ஆகவே மென்பொருளும் ஆலோசகர்களும் தேவை என்று பன்னாட்டு நிறுவனங்கள் எழுதிக் குவிக்கின்றன. ஹைதராபாத் இந்த வாதத்தை உடைக்கிறது. மூசி நதிக்கரை அழகுபடுத்தும் திட்டத்துக்காக 2024 செப்டம்பர் இறுதியில் வருவாய்த்துறைக் குழுக்கள் சாதர்காட், மூசா நகர் போன்ற கரையோரப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ச் சுவரில் சிவப்பு எழுத்தில் 'ஆர்பிஎக்ஸ்' என்று குறியிட்டன. இடிக்கப்பட வேண்டிய வீடு என்று அதற்குப் பொருள். எந்த வீடு, எத்தனை பேர், யார் உரிமையாளர், யார் வாடகைதாரர் என்று சில நாட்களில் கணக்கு தயாராகிவிட்டது. அந்த வீடுகளுக்குக் குடிநீர் வருகிறதா, கழிப்பறை எங்கே சேர்கிறது, மழைக்காலத்தில் எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்ற கணக்கு அத்தனை ஆண்டுகளில் எந்தத் துறையிடமும் இருந்ததில்லை. அப்புறப்படுத்துவதற்கு ஆள் கிடைத்தார்கள், காகிதம் கிடைத்தது, சிவப்பு மையும் கிடைத்தது.

எண்ணைப் பயன்படுத்துவதிலும் ஆளும் வர்க்கத்துக்குச் சாமர்த்தியம் குறைவில்லை. 1908 செப்டம்பரில் மூசியில் வந்த பெருவெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைகளையொட்டி உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) எழுந்தன. நிஜாம் மன்னராட்சியில் கட்டப்பட்ட அந்த ஏரிகள் பல பத்தாண்டுகள் நகரின் தாகம் தீர்த்தன. அவற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்க, சுற்றிலும் 10 கிலோமீட்டருக்குள் 84 கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் அரசாணை 111, 1996இல் வந்தது. 2022 ஏப்ரலில் அதை நீக்கி அரசாணை 69 வந்தபோது சொல்லப்பட்ட காரணம் ஒரு புள்ளிவிவரம்: நகரின் குடிநீர்த் தேவையில் இந்த ஏரிகளின் பங்கு 1.25 சதவீதத்துக்கும் குறைந்துவிட்டது. எண் சரியாகவே இருக்கலாம். கிருஷ்ணா நீரை நூறு கிலோமீட்டருக்கு மேலும், கோதாவரி நீரை எல்லம்பள்ளியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேலும் மின்சாரம் செலவழித்து இறைத்துக் கொண்டுவந்த பிறகு பக்கத்து ஏரியின் பங்கு குறையத்தானே செய்யும்? அந்த மின்கட்டணம் எவ்வளவு, ஏரிகள் பாழானால் வெள்ளக் காலத்தில் என்ன ஆகும் என்ற எண்களுக்கு அரசாணையில் அதே எடை தரப்படவில்லை. நிலவணிகர்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் எண்.

எண்ணாமல் விடுவதும் ஓர் அரசியல் என்பதற்குச் சாக்கடைத் தொழிலாளர் மரணங்களைவிடக் கொடிய சான்று கிடையாது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது: கையால் மலம் அள்ளும் தொழிலால் நேர்ந்த மரணம் எதுவும் பதிவாகவில்லை. பாதாளச் சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்தனர் என்பதும் அதே அரசு தந்த விவரம்தான். வரையறையை மாற்றினால் பிணமும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அந்தப் பதில் வெளியான சில நாட்களில், 2021 ஆகஸ்டில், ஹைதராபாத் சாகேப்நகரில் இரவு நேரத்தில் மேன்ஹோலுக்குள் இறக்கப்பட்ட இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். சந்துகளுக்குள் நுழையும் சிறிய அடைப்பு நீக்கும் இயந்திரங்கள் 70ஐ வாரியம் 2017இலேயே இறக்கியிருந்தது. அந்தத் திட்டம் நல்ல முன்மாதிரி என்று பாராட்டும் பெற்றது. இயந்திரம் இருந்தும் மனிதன் ஏன் இறக்கப்பட்டான் என்ற கேள்விக்கு விடை காண, எந்த இயந்திரம் எந்த நாளில் எந்தத் தெருவில் இருந்தது, எந்த ஒப்பந்ததாரர் எத்தனை ஆட்களை இறக்கினார் என்ற அன்றாடப் பதிவேடு வேண்டும். ஒப்பந்த முறை ஒழிக்க விரும்பும் முதல் பொருளே அந்தப் பதிவேடுதான்.

டெல்லியில் நடப்பது இதன் பெரிய வடிவம். 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தலிலிருந்து விடுபட்டுவிட்டது என்று பிரதமர் மோடி அறிவித்தார். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, நாட்டில் 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்று கண்டது. அந்த ஆய்வை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் கே.எஸ். ஜேம்ஸ் 2023 ஜூலையில் இடைநீக்கம் செய்யப்பட்டார். பணி நியமன முறைகேடு என்று அரசு காரணம் சொன்னது. உவப்பில்லாத எண்களுக்கான தண்டனை என்று எதிர்க்கட்சிகள் சொல்லின. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ உரிய காலத்தில் நடத்தப்படவே இல்லை. எந்த வீட்டுக்குள் குழாய் இருக்கிறது, எந்த வீட்டுக்கு வெளியே என்று வீடுதோறும் கேட்டு எழுதிய கடைசி ஆவணம் 2011ஆம் ஆண்டுடையது. அதற்குப் பின் ஹைதராபாத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்புகள் பற்றி நாடு அறிந்திருப்பதெல்லாம் துறைகளின் இணையப் பலகைகள் சொல்வது மட்டுமே. வேலை செய்த துறையே தனக்கு மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது.

உலக அளவிலும் இந்த வித்தை நடந்திருக்கிறது. 2012 மார்ச்சில் ஐ.நா. அமைப்புகள் குடிநீருக்கான புத்தாயிரம் வளர்ச்சி இலக்கு முன்கூட்டியே எட்டப்பட்டது என்று கொண்டாடின. 'மேம்பட்ட ஆதாரம்' என்ற அளவுகோலில் குழாயும் அடிகுழாயும் எண்ணப்பட்டன. உள்ளே வரும் நீர் எண்ணப்படவில்லை. அந்த அளவுகோலின்படி 2015இல் உலகில் 66.3 கோடிப் பேருக்குத்தான் குடிநீர் இல்லை. நீர் வீட்டுக்குள் வர வேண்டும், தேவைப்படும்போது வர வேண்டும், கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்று அளவுகோலைத் திருத்தியதும், அதே 2015ஆம் ஆண்டுக்கே இல்லாதோர் எண்ணிக்கை 210 கோடியானது. உலகம் ஒரே இரவில் மோசமாகிவிடவில்லை. கேள்வி மாற்றப்பட்டது.

கேள்வியை மாற்றும் வலிமை மக்களிடமிருந்து வந்த இடங்களும் உண்டு. கராச்சியின் ஒராங்கி குடிசைப் பகுதியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம், தெருமக்களையும் இளைஞர்களையும் கொண்டே சாக்கடைகளை வரைபடமாக்கியது. அரசின் வரைபடத்தில் இல்லாத கால்வாய்கள் அதில் இருந்தன. பின்னாளில் அதன் இயக்குநரான பர்வீன் ரஹ்மான், நகருக்கு வர வேண்டிய நீர் எந்தச் சட்டவிரோத டேங்கர் நிலையங்களில் திருடப்படுகிறது என்று இடம் இடமாகக் குறித்தார். 2013 மார்ச் 13 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்ணீர் பற்றிய ஒரு வரைபடத்துக்கு எவ்வளவு விலை இருக்கிறது என்பதை டேங்கர் முதலாளிகள் ஆலோசனை நிறுவனங்களைவிட நன்றாக அறிவார்கள்.

புள்ளிவிவரம் என்றாலே முதலாளித்துவத்தின் கருவி என்று ஒதுக்குவதும் இடதுசாரி மரபு அல்ல. இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகளிலிருந்துதான் 'மூலதனம்' நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தின் சதையும் இரத்தமும் வந்தன. லெனார்ட் ஹார்னர் என்ற ஆய்வாளரின் நேர்மையை மார்க்ஸ் மனமுவந்து போற்றினார். அந்த ஆய்வாளருக்கு ஆலைக்குள் நுழையும் சட்ட அதிகாரம் இருந்தது. அவர் அறிக்கை அச்சாகி எவரும் படிக்கக் கிடைத்தது. ஹைதராபாத்தின் குழாய் முனைக்கு அப்படியொரு ஆய்வாளர் இல்லை. நீர் வழங்கும் வாரியத்துக்கு வெளியே, சட்ட அதிகாரத்துடன், சந்துவாரியாக முடிவை வெளியிடக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் எழுகிறது. வால்வைத் திறந்து மூடும் ஊழியருக்கும் மேன்ஹோல் பக்கம் நிற்கும் தொழிலாளிக்கும் தெரிந்தது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அவர்களின் சங்கங்களுக்கு அதில் இடமில்லையென்றால் அந்த அமைப்பும் இன்னொரு இணையப் பலகையாகிவிடும்.

இது தமிழ்நாட்டுக்குத் தொலைவான விஷயமும் அல்ல. கோவையின் குடிநீர் விநியோகம் 2018இல் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் தரப்பட்டபோது இடதுசாரிகள் தொடர்ந்து போராடினர். கட்டணம் பற்றிய அச்சமே அப்போது முன்னால் நின்றது. எந்த வார்டில் எத்தனை மணி நேரம் நீர் வந்தது, எங்கே அழுத்தம் விழுந்தது, எங்கே கசிந்தது என்ற பதிவு முழுவதும் நாளை யார் கையில் இருக்கும், மாமன்ற உறுப்பினர் கேட்டால் கிடைக்குமா என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. 2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தபோது, குடிநீர்தான் காரணம் என்றார்கள் மக்கள். மாதிரிச் சோதனை முடிவு வரட்டும் என்றது அரசுத் தரப்பு. சோதனைக்கு அனுப்பப்பட்டது சாவுக்குப் பிந்தைய தண்ணீர். முந்தைய வாரம் அதே தெருக்குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு இருந்தது என்ற எண்ணை இரு தரப்பாலும் எடுத்துக்காட்ட முடியவில்லை.

எஞ்சிய குளோரினைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடிக் குழாயும் சில சொட்டு மருந்தும் போதும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. ஒரு கிளை, வாரம் இருமுறை, தன் பகுதியின் கடைசி வீட்டுக் குழாயில் அதைப் பார்த்து, தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதலாம். மாதர் சங்கத் தோழர்களுக்கு அந்த நேரங்கள் ஏற்கெனவே மனப்பாடம், அலாரம் வைத்து எழுந்து பிடிப்பவர்கள் அவர்கள்தானே. மூன்று மாத நோட்டுடன் வார்டு அலுவலகத்துக்குப் போகும் குழுவிடம், உங்கள் பகுதியில் புகாரே இல்லை என்று அதிகாரி சொல்ல முடியாது.